வண்டி மிஸ்ஸிங் அடிக்குதா? பார்ட்ஸ் மாத்தறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



நீங்க வேலை பார்க்கிறது சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கும். ஆனா ஊர்ல அண்ணன் ஓட்டுற லோடு வண்டிக்கு இஎம்ஐ உங்க அக்கவுண்ட்ல இருந்து போகும். திருநள்ளாறு பக்கம் இருக்கிற சுரக்குடியை எடுத்துக்குங்க. நெல் மூட்டை, காய்கறி, காரைக்கால் துறைமுகத்து மீன்னு எதை ஏத்தினாலும் ஒரு குட்டி யானையோ சூப்பர் கேரியோதான் குடும்பத்துக்கு ரெண்டாவது வருமானம்.

அந்த வண்டி ஒரு நாள் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிக்குது. "தம்பி, பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, இன்னும் சரியாகல. இப்போ இன்ஜெக்டர்னு சொல்றாங்க. பத்தாயிரம் அனுப்புப்பா"ன்னு போன் வருது. அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க என்ன கேட்கணும்? அதுதான் இந்தப் பதிவு.

நின்னு போன வண்டியோட ஒரு நாள் விலை

4 லட்சம் ரூபாய் கடன், 12% வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்குவோம். இஎம்ஐ மாசம் சுமார் 8,898 ரூபாய். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 297 ரூபாய். வண்டி ஓடினாலும் ஷெட்ல நின்னாலும் இது போய்க்கிட்டேதான் இருக்கும். செலவு போக ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வர்ற வண்டி 6 நாள் நின்னா, 6,000 ரூபாய் வரவு போச்சு. அதனால பார்ட்ஸ் விலையை மட்டும் பார்க்காதீங்க. குறையைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகுதுங்கறதும் செலவுதான்.

இன்ஷூரன்ஸ்ல வாங்கிக்கலாம்னும் நினைக்காதீங்க. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் சாதாரண மோட்டார் பாலிசியில கவர் ஆகாது.

மிஸ்ஸிங்னா என்ன?

ஒரு சிலிண்டர் சரியா எரியணும்னா மூணு விஷயம் வேணும்: நேரத்துக்கு வர்ற ஸ்பார்க், சரியான அளவுல எரிபொருளும் காற்றும், நல்ல காம்ப்ரஷன். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அந்த சிலிண்டர் சும்மா சுத்தும். நாலு சிலிண்டர் இருக்கிற சூப்பர் கேரியில ஒண்ணு போனா இழுவை குறையும், ஐடிலிங்ல வண்டி நடுங்கும். ரெண்டே சிலிண்டர் இருக்கிற பெட்ரோல் ஏஸ்ல ஒண்ணு போனா பாதி இன்ஜினே போன மாதிரி.

"எப்படியோ ஓடுதே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு விடறதுதான் பெரிய ஆபத்து. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியும். அந்தச் சூட்டுல உள்ளே இருக்கிற தேன்கூடு மாதிரியான பகுதி உருகி அடைச்சுக்கும். அதுல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கு. ஒரு பிளக்ல முடிய வேண்டிய செலவு அங்கே போய் நிக்கும். செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினா, கன்வெர்ட்டர் கெடற அளவுக்கு மிஸ்ஸிங் இருக்குன்னு அர்த்தம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்க.

காசு கம்மியான சோதனை முதல்ல

1. எப்போ வருதுன்னு கேளுங்க (செலவு: 0). காலையில ஸ்டார்ட் பண்ணும்போதா, லோடு ஏத்தினா மட்டுமா, மழைக்கு அப்புறமா? லோடுல மட்டும் வந்தா பலவீனமான ஸ்பார்க் மேல முதல் சந்தேகம். பெட்ரோல் போட்ட உடனே ஆரம்பிச்சிருந்தா டேங்க்ல தண்ணி இருக்கலாம். இப்போ வர்ற பெட்ரோல்ல 20% வரைக்கும் எத்தனால் இருக்கு. எத்தனால் தண்ணியை இழுத்துக்கும். அளவு மீறினா அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும். நெருப்பு இல்லாத இடத்துல ஒரு கண்ணாடி பாட்டில்ல சேம்பிள் பிடிச்சு வெச்சா, ரெண்டு அடுக்கா தெரியும்.

2. கேஸ், பெட்ரோல் ரெண்டுலயும் ஓட்டிப் பாருங்க (செலவு: 0). சிஎன்ஜி வண்டியா இருந்தா இது பெரிய துப்பு. பெட்ரோல்ல மட்டும் மிஸ்ஸிங்னா பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் பாருங்க. கேஸ்ல மட்டும்னா கேஸ் லைன்ல பிரச்சினை இருக்கலாம், இல்லைன்னா ஸ்பார்க் பலவீனமா இருக்கலாம். கேஸைப் பத்த வைக்க ஸ்பார்க் இன்னும் பலமா இருக்கணும். ரெண்டுலயும் வந்தா காயில், பிளக், காம்ப்ரஷன்.

3. ஸ்கேன் பண்ணுங்க. பிஎஸ்6 வண்டிகள்ல இன்ஜின் கம்ப்யூட்டரே குறையைப் பதிவு பண்ணி வைக்கும். பி0302னு வந்தா ரெண்டாவது சிலிண்டர்ல மட்டும் மிஸ்ஸிங். பி0300னா ஒரே சிலிண்டர்னு இல்லாம மாறி மாறி வருது. அப்போ ஒரு காயிலைச் சந்தேகப்படறதை விட, எல்லாத்துக்கும் பொதுவான எரிபொருள் பிரஷர், காற்றுக் கசிவு பக்கம் போகணும். கோடை அழிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க.

4. இடம் மாத்திப் பாருங்க (பார்ட்ஸ் செலவு: 0). ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் இருக்கிற வண்டியில, இன்ஜினை நிறுத்திட்டு ரெண்டாவது காயிலை மூணாவது இடத்துலயும், மூணாவதை ரெண்டாவதுலயும் மாட்டி ஓட்டுங்க. கோட் பி0303 ஆச்சுன்னா காயில்தான் குத்தவாளி. பி0302லயே நின்னா காயில் நல்லா இருக்கு. அடுத்து பிளக்கை இதே மாதிரி மாத்திப் பாருங்க. ஓடுற இன்ஜின்ல ஒயரை உருவிப் பார்க்க விடாதீங்க. ஷாக் அடிக்கும், கன்வெர்ட்டருக்கும் கேடு.

5. கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. கடலோர ஊர்ல இதை விடவே கூடாது. உப்புக் காத்து ஒரு பக்கம், மீன் பெட்டியில இருந்து சொட்டுற உப்புத் தண்ணி இன்னொரு பக்கம். இந்த வண்டிகள்ல இன்ஜின் சீட்டுக்கு அடியில இருக்கறதால ரோட்டுத் தண்ணியும் தெறிக்கும். கனெக்டர் பின்ல பச்சை பூத்திருந்தா புது காயில் போட்டும் மிஸ்ஸிங் நிக்காது. சுத்தம் பண்ணினாலே சரியாகிடலாம்.

6. காம்ப்ரஷன் டெஸ்ட். இதுவரைக்கும் எதுவும் சிக்கலைன்னா மட்டும். ஒரு சிலிண்டர்ல பிரஷர் குறைவா இருந்தா, அதுல கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளப்பாங்க. ஏறினா பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறலைன்னா வால்வைப் பார்க்கணும். பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா ஹெட் கேஸ்கெட். சிஎன்ஜியிலயே ஓடின வண்டியில வால்வ் சீட் தேயும், அதனால டேப்பெட் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்க.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அங்கே ஃபில்டர்ல தண்ணி, லைன்ல காற்று, இன்ஜெக்டர், காம்ப்ரஷன்னு வரிசை மாறும். காசு கம்மியானது முதல்லங்கற விதி மாறாது.

பணம் அனுப்பறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

"எந்த கோட் வந்துச்சு? எந்த சோதனையில இந்த பார்ட்தான்னு தெரிஞ்சுது? பழைய பார்ட்டைத் திருப்பித் தருவாங்களா?" இதைக் கேட்கறது மெக்கானிக்கை அவமானப்படுத்தறது இல்ல. நல்ல மெக்கானிக் சந்தோஷமா பதில் சொல்வார், சோதனைக்குத் தனியா கூலி கேட்பார். அதைத் தயங்காம கொடுங்க. கூலி மிச்சம்னு நினைச்சு நாலு காயில் வாங்கறதுதான் நஷ்டம்.

இன்னொரு விஷயம். "ஏற்கெனவே 8,000 போட்டாச்சு, இன்னும் 10,000 போட்டா சரியாகிடும்"னு யோசிக்காதீங்க. போன 8,000 திரும்ப வராது. அடுத்த 10,000 எந்த ஆதாரத்துல போகுதுங்கறது மட்டும்தான் இப்போ கேள்வி. விழுந்துக்கிட்டே இருக்கிற பங்கை ஆவரேஜ் பண்றவங்களுக்கும் இதே கேள்விதான்.

வண்டிக்குன்னு தனியா ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பிங்க. ரெண்டு மாச இஎம்ஐ அளவுக்கு அதுல பணம் இருக்கட்டும். கையில காசு இருந்தா அண்ணன் அவசரப்பட்டு எதையும் மாத்த மாட்டார், மிஸ்ஸிங்கோட லோடு ஏத்தி இன்ஜினையும் கெடுக்க மாட்டார். இந்த மாச சம்பளம் வந்ததும் முதல் 1,000 ரூபாயை அதுல போடுங்க.