முற்றத்தில் ஓர் இறைப்பு

2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆந் திகதி மாலை நாடு முழுவதற்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. எம் மக்களுக்கு ஊரடங்கு புதிதல்ல. ஆனால் கொரோனாவுக்காக வந்த ஊரடங்கில் ஓடவும் வேண்டியதில்லை, ஒளிக்கவும் வேண்டியதில்லை. சும்மா இருக்க வேண்டும். தகரக் கொட்டிலுக்குள் மூன்று பிள்ளைகளைச் சும்மா இருத்தி வைப்பது என்ன பாடென்று பெற்றோராகிய உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இணையவழி வகுப்பு என்றார்கள். பல வீடுகளில் கைத்தொலைபேசி ஒன்றுதான். கூலி வேலை நின்றுபோனதால் அதற்கு டேட்டா போடவும் காசில்லை. நாமும் எம் பங்குக்குப் பயிற்சித் தாள்களைப் பிரதி எடுத்து உலருணவுப் பொதிகளோடு அனுப்பினோம். அவற்றுட் பல அடுப்பு மூட்ட உதவின எனப் பின்னர் அறிந்தோம். அது எமக்கு வேண்டியதே.

அந்நாட்களில் முகாமொன்றுக்குப் பொதி கொண்டு சென்றோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று. வாசலில் 75 வயது கடந்த ஒரு பெரியவர். முற்றத்தில் பேரப்பிள்ளைகள் மூவர். மூத்தவன் நிலத்திற் போட்ட ஒரு மரத்தில் முன்னும் பின்னும் நடக்கிறான். இரண்டாமவன் குனிந்து நிமிர்கிறான். கடைக்குட்டிச் சிறுமி தடியால் மண்ணைக் கிளறுகிறாள்.

"என்ன ஐயா இது?" என்றோம்.

"துலா இறைப்பு, பாதர்."

இளையவர்களுக்காகச் சற்று விளக்குகிறோம். ஒருவர் துலாவில் ஏறி நடந்து மிதிப்பார். மற்றவர் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றுவார். மூன்றாமவர் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். மூவருக்கும் தாளம் பிசகினால் மேலே நிற்பவர் தடுமாறுவார். அதற்காகவே எண்ணிக்கையைப் பாட்டாகப் பாடினார்கள். இறைப்பு யந்திரம் வந்ததும் அந்தப் பாட்டு ஓய்ந்தது.

பெரியவர் திடீரெனக் கையைத் தட்டி நிறுத்தினார். "தண்ணி நிறைஞ்ச பட்டை உப்பிடி லேசாய் வராது மோனை. பாரத்தைக் காட்டு!"

நடிப்புப் பயிலுவோருக்கு ஆசிரியர்கள் பல நாள் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்: இல்லாத பொருளின் பாரத்தை உடம்பிற் காட்டுவது. அதைவிட முக்கியம், அந்தச் சிறுமி கேட்ட கேள்வி. "அப்பு, இப்ப எந்தப் பாத்திக்கு?" வெங்காயப் பாத்தி எது, மரவள்ளி எந்தப் பக்கம், வாய்க்கால் எங்கே திரும்பும் என்று அவர் கைகாட்டிச் சொன்னார். முகாமிலே பிறந்த அப்பிள்ளைகள் அந்தக் காணியைக் கண்டதேயில்லை. காணி உறுதியில் எல்லைகள் இருக்கும். வாய்க்கால் திரும்பும் இடம் இராது.

நாட்டுக்கூத்திலிருந்தும் ஒரு விளையாட்டை எடுக்கலாம். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவை ஆடியே களரிக்கு வரும். பேணியும் சிரட்டையும் மத்தளமாகட்டும். ஒரு பிள்ளை அம்மாவின் நடையில் வரட்டும், இன்னொன்று உழவு யந்திரமாக வரட்டும். மற்றவர்கள் யாரென்று கண்டுபிடித்தபின், தான் யாரென ஓரிரு வரி சொந்தமாகப் பாடட்டும். கூச்சமுள்ள பிள்ளையை முதலில் தாளம் போட விடுங்கள். தானாக எழும்பி வரும். இரவானால் வெள்ளை வேட்டி ஒன்றும் விளக்கும் போதும், நிழலாட்டம் காட்டலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் முன் சுவரில் மானும் நாயும் காட்டியவர்கள் நீங்கள்தானே.

கைத்தொலைபேசியில் படம் பிடிக்க வேண்டாம். அன்று பிள்ளைகளின் மாமன் பிடிக்கத் தொடங்கியதும் பெரியவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு விறைத்து நின்றுவிட்டார். பிள்ளைகளும் கமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். இறைப்பு அதோடு நின்றது. போட்டி வைத்துப் பரிசு கொடுக்கலாமா என்று நாமும் யோசித்தோம், நல்லவேளை, செய்யவில்லை.

ஊரடங்கு தளர்ந்தபின், அவ்வாண்டு ஜூனில், மீண்டும் அங்கு போனோம். தாய் தகப்பன் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். பெரியவர் தனியே இருந்தார். பின்னேரங்களில் அரை மணித்தியாலம் இறைப்பு நடக்கிறதாம்.

"மூத்தவன் இப்ப பாரத்தைக் காட்டுறானோ?" என்று கேட்டோம்.

"பட்டை அரைவாசிதான் நிரம்புது, பாதர்" என்றார்.