அமெரிக்காவில் மருத்துவ மேற்படிப்பு: பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது?

எம்.பி.பி.எஸ் முடித்துவிட்டு, அமெரிக்காவில் 'ரெசிடென்சி' எனப்படும் மேற்படிப்புப் பயிற்சிக்கு முயலும் தமிழக மருத்துவர்கள், யு.எஸ்.எம்.எல்.இ தேர்வுக்கு இரவு பகலாகப் படிக்கிறார்கள். பரிந்துரைக் கடிதத்தையோ கடைசி நேர வேலையாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால், 2022 ஜனவரி முதல் இந்தத் தேர்வின் முதல் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது; பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். அதனால் விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளும் முக்கியமாகிவிட்டன.

டீன் கையெழுத்து போதுமா?

'டீன் அல்லது துறைத்தலைவர் கையெழுத்து இருந்தால் வெயிட்டாக இருக்கும்' என்று பலரும் நினைக்கிறார்கள். மாணவரை இரண்டு முறை மட்டுமே பார்த்த டீனால் என்ன எழுத முடியும்? 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்' என்பதோடு கடிதம் முடிந்துவிடும். இதே வரிகள் நூற்றுக்கணக்கான கடிதங்களில் இருக்கும்.

வார்டில் தினமும் ரவுண்ட்ஸ் அழைத்துச் சென்ற உதவிப் பேராசிரியர் எழுதினால் கதையே வேறு. 'நள்ளிரவில் ஒரு நோயாளியின் பேச்சு குழறியதைக் கவனித்து, உடனே சர்க்கரை அளவைப் பார்த்தார். குறைந்திருப்பது தெரிந்ததும் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு என்னை அழைத்தார்' என அவரால் கண்ணால் கண்டதை எழுத முடியும். எத்தனை வாரம் உடன் பணியாற்றினார், சக மாணவர்களோடு ஒப்பிட்டால் எப்படி, தவற்றைச் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்கிறாரா என்பதெல்லாம் இருந்தால்தான் அது வலுவான கடிதம்.

'நீயே எழுதிட்டு வாப்பா!'

நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பணிச்சுமையில் இருக்கும் பேராசிரியர் சொல்வதில் ஆச்சர்யமில்லை. ஆனால், ஒரே நபர் எழுதிய மூன்று கடிதங்களில் மூன்று பேர் கையெழுத்து இருந்தால், நடை காட்டிக்கொடுத்துவிடும். நேர்மையும் கேள்விக்குள்ளாகும். அதற்குப் பதில், தன் விவரக் குறிப்பையும், அந்த யூனிட்டில் பார்த்த முக்கியமான கேஸ்களையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். கடிதத்தை அவரே எழுதட்டும்.

கவனிக்க வேண்டியவை

* இ.ஆர்.ஏ.எஸ் என்ற இணையதளம் வழியாகவே பெரும்பாலான துறைகளுக்கு விண்ணப்பம் செல்கிறது. ஒரு பயிற்சித் திட்டத்துக்கு அதிகபட்சம் 4 கடிதங்கள்தான்.

* கடிதத்தை மாணவர் பதிவேற்ற முடியாது. எழுதியவரோ அவர் நியமித்தவரோதான் பதிவேற்ற வேண்டும்.

* 'கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று குறிப்பிட வாய்ப்பு உண்டு. மாணவர் படிக்காத கடிதத்துக்கே நம்பகத்தன்மை அதிகம்.

* விண்ணப்பிக்கும் துறையைச் சேர்ந்தவரின் கடிதம் அவசியம். அமெரிக்க மருத்துவமனையில் பயிற்சி பெற்றிருந்தால், அங்கு நேரடியாக மேற்பார்வையிட்டவரின் கடிதம் கூடுதல் பலம்.

* அவசர சிகிச்சைத் துறைக்கு, சக மாணவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடும் தனிப் படிவமே இருக்கிறது.

எப்போது கேட்பது?

விண்ணப்பங்கள் செப்டம்பரில் போகின்றன. ஆகஸ்ட் கடைசியில் ஓடுவதைவிட, அந்த யூனிட்டில் போஸ்டிங் முடியும் வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. அப்போதுதான் மாணவரின் வேலை அவருக்கு நினைவில் இருக்கும். 'ஒரு லெட்டர் வேணும் சார்' என்று கேட்பதைவிட, 'என்னைப் பற்றி நல்லவிதமாக, விரிவாக எழுத முடியுமா சார்?' என்று கேட்கலாம். அவர் சற்றுத் தயங்கினாலும், நன்றி சொல்லிவிட்டு வேறொருவரை அணுகுவதே புத்திசாலித்தனம். அரைமனதோடு எழுதிய கடிதம், நல்ல மதிப்பெண்ணையும் பின்னுக்குத் தள்ளிவிடும்.