முதலில் தண்ணீர் வேண்டாம்

சட்டையில் எண்ணெய் தெறித்தவுடன் குழாயடிக்கு ஓடுவதும், கறை மங்கும்வரை கசக்கித் தேய்ப்பதும், வெயிலில் காயப்போட்டு இஸ்திரி போட்டு மடித்து வைப்பதும் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். இவற்றில் எதுவும் தன்னளவில் தவறில்லை, வரிசைதான் தவறு. எண்ணெய்க் கறை விடுவதும் நிற்பதும் தேய்க்கும் கையின் பலத்தைவிட, எதை எப்போது செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சமையல் எண்ணெயில் சொல்லிக்கொள்ளும்படி நிறம் ஏதும் இல்லை. அப்படியிருந்தும் அது பட்ட இடம் கருத்துத் தெரிகிறது. காரணம் ஒளி. பருத்தி இழைகளுக்கு நடுவே காற்று நிரம்பியிருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, பருத்தியினுடையது 1.5-க்குச் சற்று மேல். இந்த வேறுபாட்டால் ஒளி இழைக்கு இழை மோதிச் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகிறது. துணி வெளிர்ந்து தெரிகிறது. 1.47 அளவுள்ள எண்ணெய் அந்த இடைவெளிகளில் புகுந்தால் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே போய்விடுகிறது. தண்ணீரும் (1.33) ஓரளவு இதையே செய்யும். ஈரத் துணியில் கறை போய்விட்டதாகத் தோன்றுவது இதனால்தான்: சுற்றியுள்ள பகுதியும் சேர்ந்து கருத்துவிடுகிறது. உலர்ந்த பிறகே உண்மை தெரியும்.

இழை இடுக்கில் இருக்கும் எண்ணெயைத் தண்ணீர் தனியாக அசைக்காது. ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும் மூலக்கூறு வேண்டும். சோப்பும் டிடர்ஜென்ட்டும் அப்படிப்பட்டவை. அவை எண்ணெயைச் சூழ்ந்து மைசெல் எனப்படும் நுண்ணிய உருண்டைகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிடுகின்றன. ஆனால், ஒரு குறிப்பிட்ட செறிவுக்கு மேல்தான் மைசெல்கள் உருவாகும். காய்ந்த கறையின் மேல் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை நேரடியாக விட்டால் அந்தச் செறிவு எளிதில் கிடைக்கிறது. முன்பே நனைத்த துணியில் அதே சொட்டு நீர்த்துப்போகிறது. எண்ணெய் புதிதாகப் பட்டதென்றால் அதற்கும் முன்னால் முகப் பவுடரோ சோளமாவோ தூவிக் கால் மணி நேரம் விடலாம். பொடியின் நுண்துளைகள் எண்ணெயின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். சோப்புக் கட்டி போதாதா என்று கேட்கலாம். மென்னீரில் போதும். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகப் படிந்துவிடுகின்றன.

அடுத்தது சூடு. சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கும் மேல் லினோலெயிக் அமிலம். அதன் இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜன் சேரும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாகின்றன. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளில், தண்ணீருக்கும் சோப்புக்கும் மசியாமல் படிந்திருக்கும் மஞ்சள் பிசுக்கு இந்த வினையின் விளைவுதான். கறையின் மேல் இஸ்திரிப் பெட்டி அதையே விரைவுபடுத்துகிறது. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது அவ்வளவு எளிதில் பிசினாகாது. ஆனால் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் அதற்கு வெதுவெதுப்பான நீர் தேவை.

சூடு கெடுதல் என்றால் வெள்ளாவியில் துணி எப்படி வெளுத்தது? நியாயமான கேள்வி. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைசலில் தோய்த்த துணியைத்தான் ஆவியில் வேகவைத்தார்கள். உவர்மண் காரம். காரமும் ஈரமும் சூடும் நெடுநேரம் சேர்ந்திருந்தால் எண்ணெயே சிதைந்து சோப்பாக மாறும். இஸ்திரிப் பெட்டியில் காரமும் இல்லை, கழுவிச் செல்லத் தண்ணீரும் இல்லை. வெறும் சூடு மட்டுமே. அந்தக் காரத்தைத் தாங்கியது பருத்தி. பட்டு ஒரு புரதம், தாங்காது. பட்டுப் புடவையில் எண்ணெய் பட்டால் பவுடர் தூவுவதோடு நிறுத்திக்கொண்டு டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பதே நல்லது.

நம் சமையலறையின் தனிச்சிக்கல் மஞ்சள். அதிலுள்ள குர்குமின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். குழம்புக் கறையில் சோப்பு பட்டதும் அது சிவப்பதைப் பார்த்துப் பலர் பதறிப்போய்க் கைவிடுகிறார்கள். காரத்தில் குர்குமின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். நன்றாக அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும். எண்ணெய் நீங்கிய பின் எஞ்சும் மஞ்சளை வெயில் சிதைத்துவிடும். சூடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெயிலை அழைப்பது முரண் அல்ல. எண்ணெய் போன பிறகுதான் வெயிலின் முறை வருகிறது. எலுமிச்சையும் உப்பும் எண்ணெயை எடுப்பதில்லை. அவை வீண்வேலை.

சைக்கிள் செயின் கிரீஸ் வேறு வகை. அதன் பெரும்பகுதி பெட்ரோலிய எண்ணெய் என்பதால் காரம் அதைச் சோப்பாக்காது. விலை உயர்ந்த சலவைத் தூள்களில் சேர்க்கப்படும் லிப்பேஸ் நொதியும் அதைத் தொடாது. காய்ந்த துணியில் திரவத்தை இட்டு ஊறவைத்து அலசுவதை இரண்டு மூன்று முறை செய்தால்தான் மெல்ல இறங்கும். பெட்ரோல் ஒரே நொடியில் கரைத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுத்த அறையின் அடுப்புவரை போகும். வீட்டுக்குள் பெட்ரோலில் துணி அலசாதீர்கள். அப்படி அலசிய துணியை வாஷிங் மெஷினில் போடவே போடாதீர்கள்.