சுண்ணாம்பு காத்த வண்ணங்கள்

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியின் பெயரை அறியாதார் இன்று இலர். அங்கே அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளை அருங்காட்சியகத்தில் பார்த்து வந்த குடும்பங்களும் நம்மிடையே பல உண்டு. அவ்வோடுகள் சிலவற்றின் உட்புறத்தில் கரிய பூச்சு ஒன்று காணப்படுகின்றது. அதனை வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்கருவிகள் கொண்டு ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டு நவம்பரில் தம் முடிவை வெளியிட்டனர். கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய கரிக்குழல்கள் அப்பூச்சில் இருக்கின்றன என்பதே அம்முடிவு. ஓடுகள் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அவர்கள் கணிப்பு. குயவர் ஏதோ ஒரு தாவரச் சாற்றைத் தடவி, மிகுந்த வெப்பத்தில் சுட்டிருக்கக் கூடும் என்றும் அவர்கள் கருதுகின்றனர். பூசியவருக்குக் கரிக்குழலைப் பற்றி ஏதும் தெரிந்திராது. பூச்சு நிலைத்து நிற்கும் என்பது மட்டும் நன்கு தெரிந்திருந்தது.

ஒரு துளி வண்ணத்திலிருந்து இத்தனை செய்திகளைப் பெற முடியுமாயின், நம் நாட்டுச் சுவரோவியங்கள் எத்தனை செய்திகளைத் தாங்கி நிற்கும்!

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குடைவரையை எடுத்துக் கொள்வோம். தாமரைப் பொய்கையும், அதில் மலர் பறிப்போரும், மீனும் யானையும் அன்னமும் அதன் விதானத்தில் தீட்டப்பட்டுள்ளன. இதற்கும் மதுரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. பாண்டியன் சீமாற சீவல்லபன் ஆண்ட 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரைச் சமண ஆசிரியர் இதனைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகின்றது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கதை இன்னும் சுவையானது. கருவறையைச் சூழ்ந்த இருண்ட பாதையில் நாயக்கர் கால ஓவியங்களே இருப்பதாக எல்லோரும் எண்ணியிருந்தனர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அதன் அடியில் சோழர் கால ஓவியங்கள் ஒளிந்திருப்பதைக் கண்டறிந்தார். இவ்வோவியங்கள் எவ்வாறு தீட்டப்பட்டன? அழகை வியந்து பேசியவர் பலர். சுவரையே கேட்டுப் பார்த்தவர் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் இரசாயன நிபுணர் எஸ். பரமசிவன். சுவர்களினின்று கிடைத்த சிறு துணுக்குகளை அவர் சோதித்தார். தஞ்சை ஆய்வின் முடிவுகள் 1937இல் வெளிவந்தன.

இரசாயனிகள் இத்தகைய துணுக்கைச் சோதிக்கும் முறை வியப்பானது. துணுக்கை மெழுகில் பதித்துக் குறுக்கே வெட்டி நுண்பெருக்கியில் நோக்கினால், கரடான காரை, அதன்மேல் மென்மையான சுண்ணாம்பு, அதன்மேல் வண்ணம் என்று படலம் படலமாகத் தெரியும். மென்மையான அமிலத்தில் ஒரு துளி விட்டதும் நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு. சிவப்புத் தூளைக் கரைத்து உரிய உப்புநீரைச் சேர்க்க, அது அடர்ந்த நீலமாக மாறினால் அதில் இரும்பு உண்டு. ஆகவே அது காவி. பிசினோ வச்சிரமோ கலந்திருந்தால் அதற்கும் தனிச் சோதனை உண்டு.

தஞ்சைச் சோழ ஓவியங்களில் வண்ணத்தைப் பிணைக்கும் பசை ஏதும் இல்லை என்று பரமசிவன் முடிவு செய்தார். ஈரச் சுண்ணத்தின் மேல், அது உலருமுன், நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகின்றது. ஆகும்போது வண்ணத்தையும் தன்னுள் பூட்டி வைத்துக் கொள்கின்றது. வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ கையாண்டதும் இந்த ஈரச்சுவர் முறையே. தஞ்சை ஓவியரோ அவருக்கு ஐந்து நூற்றாண்டுகள் மூத்தவர்! சித்தன்னவாசலில் உலர்ந்த சுண்ணத்தின் மேல் தீட்டியுள்ளனர்.

சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காத வண்ணம் சுவரில் நிலைக்காது. ஆகவேதான் காவி, மஞ்சட்காவி, பச்சைமண், கரி என்று மண்ணும் கல்லும் தந்த சில நிறங்களிலேயே ஓவியர் தம் வித்தையெல்லாம் காட்டினர். அருமையானது நீலம் ஒன்றுதான். அஜந்தாவில் காணும் நீலம் இராசவர்த்தக் கல்லை அரைத்தது. பழங்காலத்தில் அக்கல்லின் பெரும் சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் இருந்தன. ஐரோப்பாவில் தேவமாதாவின் மேலாடைக்கென்றே இந்த நீலத்தை விலை கொடுத்து வாங்கினர். 1820களில் பிரெஞ்சுக்காரர் கிமே இதனை ஆலையில் செய்யும் வழியைக் கண்டார். பின்னர் நம் வீட்டு வெள்ளை வேட்டிக்குப் போட்ட சலவை நீலப் பொடியும் அதுவே. மாதாவின் ஆடையிலிருந்து சலவைத் தொட்டிக்கு! பெர்லின் நகரில் தோன்றிய பிரஷ்ய நீலமோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஒரு சுரூபத்தின் அடிப்படலத்திலேயே அது இருக்குமானால், அந்தப் பூச்சு அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

இன்று துணுக்கைப் பெயர்க்காமலும் பல சோதனைகளைச் செய்யலாம். திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல், லேசர் கருவியின் துணையோடு உலகின் பல அருங்காட்சியகங்களில் பழைய வண்ணங்களை அடையாளம் காட்டுகின்றது.

எனினும், இருக்கும் வண்ணத்தைத்தானே கருவி காட்டும்? திருவிழாவுக்குத் திருவிழா பழைய சுரூபங்களையும் சப்பரங்களையும் உப்புத்தாளால் தேய்த்து எனாமல் பூசும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கின்றது. பக்தியால் செய்வதுதான், ஆனால் அடியிலிருந்த படலங்கள் தூளாகிப் போகின்றன. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டோ காற்றுப் புகாத பூச்சோ ஏற்றினால், உள்ளே ஈரம் தங்கி, உப்புப் பூத்து, காரை உப்பி விழும். வெள்ளையடிப்பில் மறைந்துபோன கோயில் ஓவியங்களும் தமிழகத்தில் பல.

நூறாண்டு கடந்த ஆலயமுடைய பங்குகளில், வேலை தொடங்குமுன் சுவரையும் சுரூபத்தையும் எல்லாப் பக்கமும் நிழற்படம் எடுத்து வைக்கலாம். தானாக உதிர்ந்த துணுக்குகளைக் காகிதத்தில் மடித்து, எடுத்த இடத்தையும் நாளையும் எழுதிப் பங்கு அலுவலகத்தில் பாதுகாக்கலாம். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும். மரச் சுரூபத்தின் தூசிக்கு மென்மையான உலர்ந்த தூரிகை போதும். உப்புத்தாளை எடுப்பதற்கு முன், அறிந்தவர் ஒருவரை அழைத்துக் காட்டுவது நலம்.