தலைமன்னார்க் கரையிலே

பொகவந்தலாவையின் தேயிலைச் சரிவுகளிலே பிறந்து வளர்ந்த முதியோருட் சிலர் இன்னும் கடலைக் கண்டதில்லை. ஆயினும் நம் குடும்பங்களின் கதை ஒரு கடற்கரையிலேதான் தொடங்குகிறது. எழுபது வயதைக் கடந்த எம் அன்னையார் அந்தக் கரையைக் காண வேண்டுமெனப் பலகாலமாகக் கேட்டு வந்தார். சென்ற கல்லூரி விடுமுறையில் அவரை அழைத்துக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்டோம்.

கண்டி, மாத்தளை, தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி என்று எமது வண்டி சென்றது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களை நாடிவந்த நம் முன்னோர் நடந்த வழியும் ஏறக்குறைய இதுவே. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், கங்காணியின் பின்னே காடுகளைக் கடந்து மாத்தளைவரை கால்நடையாகவே வந்தனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே பலியானோர் அநேகர். அவர்கள் பல நாள் நடந்த தூரத்தை நாம் ஒரே பகலிற் கடந்தோம்.

தலைமன்னார், மன்னார்த் தீவின் மேற்கு முனையிலுள்ள மீனவக் கிராமம். 1914இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடிற்று. 1980களில் யுத்தம் மூளவே அதுவும் நின்றது. புகையிரதம் 2015இல் மீண்டும் வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. பழைய இறங்குதுறையின் எச்சம் மட்டும் கடலை நோக்கி நிற்கிறது.

வந்தவர்களை வரவேற்ற இத்துறையே பின்னர் அவர்தம் சந்ததியாரை வழியனுப்பியும் வைத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கிற்று. 1964இல் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மலைநாட்டார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தனர். எம் தாய்மாமனாரும் அவ்வண்டியிற் சென்றவரே. அட்டன் நிலையத்தில் அழுதுநின்ற தங்கை, அதன்பின் அண்ணன் முகத்தைக் காணவேயில்லை.

அந்தத் தங்கைதான் இப்போது எம் அருகே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தாண்டக் கரை தெரியலியேப்பா. எம்புட்டுத் தூரம் இருக்கும்?”

“முப்பது கிலோமீட்டர் இருக்கும், அம்மா.”

“அவ்வளவுதானா? நாம அட்டனுக்குப் போயி வர்ற தூரங்கூட இல்லியே!”

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் குனிந்து கடல்நீரை ஒரு கை அள்ளிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. நம்மவர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடைபயணம் சென்று முன்னோரை நினைவுகூர்ந்தனர்.

விடுமுறை வந்தால் நுவரெலியாப் பூங்காவையும் கொழும்புக் கடைவீதியையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம், அது நன்றே. ஒருமுறையேனும் இக்கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலே முதியவர் இருப்பின் அவரையும் உடன் கூட்டிச் செல்லுங்கள். நூல்களில் இல்லாத வரலாற்றை அவர்கள் அங்கே நின்று சொல்லுவார்கள்.