சொல்லத் தயங்கும் துன்பம்

திண்டிவனத்திற்கும் மருத்துவ உலகிற்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஜான் ஸ்கட்டரின் இல்லத்திற்கு, ஒரே இரவில் மூன்று கணவர்கள், பேறுகால வேதனையில் துடித்த தம் மனைவியருக்கு உதவி நாடி வந்தனர். ஆயினும் ஆண் மருத்துவர் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. பெண்கள் மூவரும் மாண்டனர். இதைக் கண்டு கலங்கிய மருத்துவரின் மகள் ஐடா, தாமே மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

கூச்சத்தால் விளையும் கேடு இன்றும் முற்றிலும் ஒழியவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் பெரியவர், சிறுநீர் பிரியவில்லை என்பதைச் செவிலியரிடம் சொல்ல நாணுகிறார்.

இத்தடை ஏன் ஏற்படுகிறது? முதுகில் போடும் மயக்க ஊசி சிறுநீர்ப்பையின் உணர்வை மழுங்கச் செய்கிறது. வலிநீக்கும் மருந்துகள் சிலவும் அவ்வாறே. குடலிறக்கம், மூலம் ஆகியவற்றிற்கான சிகிச்சைக்குப் பின் இது அதிகம் காணப்படுகிறது. புரோஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியவர்க்கு அபாயம் கூடுதல். அளவு மீறி நிரம்பிய பை தளர்ந்து, சுருங்கும் வலிமையை இழக்கக்கூடும்.

இதைத் தடுக்க டாம்சுலோசின் என்னும் மாத்திரையை மருத்துவர் சிலர் முன்கூட்டியே தருகின்றனர். வழக்கமான அளவு 0.4 மில்லிகிராம். சிறுநீர்ப்பையின் வாயிலிலும் புரோஸ்டேட்டிலும் உள்ள தசைகளை அது தளர்த்துகிறது. ஆய்வுகள் சிலவற்றில் நற்பலன் தெரிந்தது. வேறு சிலவற்றில் தெரியவில்லை. ஆதலால் எல்லார்க்கும் உரியதன்று. எழுந்து நிற்கையில் தலைசுற்றல் வரலாம். கண்புரை அறுவைக்குச் செல்வோர், இம்மாத்திரை உட்கொண்டதைக் கண் மருத்துவரிடம் அவசியம் கூறவேண்டும். மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்பது தகாது.

குடும்பத்தார் செய்யத்தக்கவை யாவை? சிறுநீர் மெல்லப் பிரிதல், இரவில் பலமுறை எழுதல், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவியுங்கள். பின்னர், அவர் அனுமதித்ததும் நோயாளியை எழுப்பி நடக்கச் செய்யுங்கள். மறைவிடம் அமைத்துக் கொடுங்கள். ஆறு மணி நேரம் கடந்தும் சிறுநீர் பிரியாவிடினும், அதற்கு முன்பே அடிவயிறு கனத்து வலித்தாலும், சொட்டுச் சொட்டாக மட்டும் கசிந்தாலும் உடனே செவிலியரை அழையுங்கள். குழாய் செருகினால் துன்பம் தீரும். ஆனால் அது நெடுநாள் இருப்பின் கிருமி தொற்றும். எப்பொழுது எடுப்பார்கள் எனக் கேட்டறியுங்கள்.

நோயாளியின் நாவு தயங்கினால், அருகிருக்கும் நம் நாவு பேசட்டும்.