சங்கிலி வாள்: பெயரோ, பல்லோ?

மரம் தறிப்போர் இருவர் கூடுமிடத்தில் சங்கிலி வாளைப்பற்றிய பேச்சு எழுமாயின், அது விரைவில் வழக்காக முற்றிவிடுவது இயல்பு. ஒருவர் ஜேர்மனியில் தோன்றிய ஷ்டீல் வாளுக்கு நிகரில்லை என்பார். மற்றவர் சுவீடன் நாட்டு ஹஸ்க்வார்னாவை விட்டுக்கொடார். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவ்வாள்களைச் சேகரித்து, பழுது தீர்த்து, ஒரே குற்றியை மாறி மாறி அரிந்து நேரங் குறித்து மகிழும் ஆர்வலர் பலர் உளர். அவர்கள் செய்யும் ஒப்பீடுகள் வெறும் வேடிக்கையல்ல. மூப்படைந்த இறப்பர் மரங்களையும் காய்ப்பற்ற தென்னைகளையும் தறிப்பதற்கென வாள் வாங்க எண்ணும் தோட்டக்காரருக்கும் அவை பயன்படக்கூடும். எனினும் அவற்றுட் பல, ஒரு பொருளை அளந்து, வேறொரு பொருளுக்குப் புகழ் சூட்டுகின்றன. அளக்கப்படுவது சங்கிலியின் கூர். புகழப்படுவதோ எஞ்சினின் பெயர்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிதற்கு வாளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. 1926ஆம் ஆண்டில் ஜேர்மனியரான அந்திரேயாஸ் ஷ்டீல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளொன்றைச் செய்தார். அடுத்த ஆண்டில் எமில் லேர்ப் என்பவர் பெற்றோலால் இயங்கும் வாளொன்றைத் தூரிங்கியாவிலுள்ள டொல்மார் மலையிற் சோதித்துப் பார்த்தார். அம்மலையின் பெயரே அவருடைய வாளுக்கும் வழங்கலாயிற்று. அது 58 கிலோகிராம் நிறையுடையது. இருபுறமும் இருவர் பிடித்தாலன்றி அதனை ஆளமுடியாது. அக்காலத்து வாட்சங்கிலிகள் கைவாளின் பற்களைப் போன்ற பற்களையே கொண்டிருந்தன. அவை மரத்தைச் செதுக்காமற் கீறின; தூளை வெளியேற்றத் தனிப்பற்கள் வேண்டியிருந்தன; தீட்டுவதோ நாட்பட்ட வேலை. எஞ்சின் எவ்வளவு வலுவுடையதாயினும் அவ்வலுவின் பெரும்பகுதி வீணே உராய்விற் கழிந்தது.

இக்குறையைத் தீர்த்தது ஒரு புழு என்றால் வியப்பாயிருக்கும். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் மரவேலை செய்துவந்த ஜோசப் கொக்ஸ் என்பவர், 1946ஆம் ஆண்டில், வெட்டுண்ட அடிக்கட்டையொன்றில் வண்டின் புழு துளைத்துச் செல்வதைக் கூர்ந்து பார்த்தார். மரத்தின் நார் ஓடும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் அப்புழு ஒரே எளிமையுடன் சென்றது. வளைந்த இரு தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிப்பதே அதன் வழி. தென்னையைக் குடையும் வண்டுகளோடு போராடும் கமக்காரருக்கு இத்தகைய உயிர்களிடம் நன்மதிப்பு இருத்தல் அரிதுதான். கொக்ஸோ அத்தாடையின் வடிவை உருக்கிற் செய்து பார்த்தார். இடம், வலம் என அடுத்தடுத்து அமைந்த வளைபற்களையுடைய சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்று எந்தப் பெயருடைய வாளை வாங்கினும், அதில் ஓடும் சங்கிலி பெரும்பாலும் அப்புழுத் தாடையின் வழித்தோன்றலே.

அதன்பின் எஞ்சின் விரைவாக இலேசாயிற்று. 1949இல் அமெரிக்க மக்கலக் கொம்பனி 25 றாத்தல் நிறையுடைய, ஒருவர் கையாளத்தக்க வாளை வெளியிட்டது. 1959ஆம் ஆண்டு இரு பெயர்களின் போட்டிக்கும் தொடக்கமென்று கூறலாம். ஷ்டீல் கொம்பனி, இடையிற் பற்சில்லுத் தொகுதியின்றி எஞ்சின் நேரே சங்கிலியை ஓட்டும் ‘கொன்ட்ரா’ வாளை அவ்வாண்டில் வெளியிட்டது; அதன் வலு 6 பரிவலு, நிறை 12 கிலோகிராம். 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய ஹஸ்க்வார்னா தன் முதலாவது சங்கிலி வாளை வெளியிட்டதும் அதே ஆண்டிலேயாம்.

இக்காலத்து வாள்களுள் இவ்விரு கொம்பனிகளும் தொழில்முறைத் தறிப்போருக்கெனச் செய்த இரண்டை எடுத்துக்கொள்வோம். ஷ்டீல் 462 என்பது 72.2 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும், 4.4 கிலோவாற்று வலுவும், தகடும் சங்கிலியும் நீங்கலாக 6.0 கிலோகிராம் நிறையும் உடையது. ஹஸ்க்வார்னா 572 என்பதன் கொள்ளளவு 70.6 கன சென்ரிமீற்றர், வலு 4.3 கிலோவாற்று; நிறை 6.6 கிலோகிராம். கொன்ட்ராவின் ஆறு பரிவலுவை இன்று ஏறத்தாழப் பாதி நிறையிற் பெறலாம் என்பதே இங்கு பெரிய செய்தி. இரு பெயர்களுக்கும் இடையேயுள்ள வலு வேற்றுமை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. நிறையில் அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வேற்றுமை உண்டு. நாள் முழுதும் கிளை கழிப்பவனின் தோள் அதனை நன்குணரும். ஆயினும் ஒரு வாள் மற்றையதைவிட இருமடங்கு விரைவாக அரிந்ததென ஒருவர் கூறுவாராயின், காரணத்தை எஞ்சினில் தேடுதல் வீண்.

சங்கிலியின் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் இடைத்தூரத்திற் பாதியே சங்கிலியின் கண்ணியளவு எனப்படும். பெரிய வாள்களில் இது பெரும்பாலும் 3/8 அங்குலம். ஓட்டும் பற்சில்லின் ஒவ்வொரு பல்லும் இரு கண்ணியளவு தூரத்திற்குச் சங்கிலியை இழுக்கும். ஏழு பல்லுடைய சில்லு ஒருமுறை சுழலச் சங்கிலி 5¼ அங்குலம் ஓடும். நிமிடத்திற்கு 10,000 சுழற்சியில் 4,375 அடி, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 22 மீற்றர். எட்டுப் பல்லுடைய சில்லை மாட்டினால் அதே சுழற்சியில் 5,000 அடி ஓடும். வேகம் கூடும்போது இழுவிசை குறையும். மென்மரத்தில், குறுகிய தகட்டில், எட்டுப் பல் வெல்லும். நீண்ட தகடு முழுவதும் வைரமேறிய கட்டையுள் அமிழும்போது அதே சில்லு எஞ்சினைத் திணறச் செய்யும். ஆதலின் மெல்லிய குற்றியொன்றில் முதலிடம் பெற்ற வாள் பெரும் பாலை மரத்திலும் முதலிடம் பெறும் என எண்ணுதற்கு ஆதாரமில்லை.

ஷ்டீல் கொம்பனி 1985 முதல் நடத்திவரும் மரவெட்டுப் போட்டிகளில் இவ்வுண்மை நன்கு விளங்கும். அவற்றுள் ஒரு பிரிவில் போட்டியாளர் அனைவருக்கும் ஒரே வகை வாள் கொடுக்கப்படுகிறது. கீழ்நோக்கி ஒன்றும் மேல்நோக்கி ஒன்றுமாகக் குற்றியிலிருந்து இரு வட்டத் துண்டுகளை அரிதல் வேண்டும். குறித்த கோட்டைத் தாண்டலாகாது. வாளும் மரமும் ஒன்றாயிருந்தும் சிலர் பத்து விநாடியளவில் முடிக்கிறார்கள், சிலர் பின்தங்குகிறார்கள். வேறுபடுவது கை மாத்திரமே.

இரு வாள்களை நேர்மையாக ஒப்பிட விரும்புவோர் கீழ்வரும் முறையைக் கையாளலாம். ஒரே மரத்தின் ஒரே தடிப்புள்ள பகுதியைத் தெரிந்து, கணுக்களைத் தவிர்க்க வேண்டும். தகட்டின் நீளமும் சில்லின் பல் எண்ணிக்கையும் சமமாயிருத்தல் வேண்டும். எஞ்சின்கள் சூடேறிய பின்னரே நேரங் குறிக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் பிடித்து, வாளை அமுக்காமல் அதன் நிறையாலேயே இறங்கவிட வேண்டும். ஒவ்வொன்றாலும் ஐந்து முறை அரிந்தபின் சங்கிலிகளை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி மீண்டும் ஐந்து முறை அரிதல் வேண்டும். கண்ணியளவும், தகட்டுத் தவாளிப்பின் அகலமும், கண்ணிகளின் எண்ணிக்கையும் ஒத்திருந்தாலன்றி இவ்வாறு மாற்றலாகாது. வெற்றி சங்கிலியோடு கூடவே இடம் மாறுமாயின், அவ்வெற்றி சங்கிலிக்கே உரியது. இந்த மாற்றத்தைச் செய்யாமல் வெளியிடப்படும் ஒப்பீடுகளை அரைகுறையாகவே கொள்ளல் வேண்டும்.

சங்கிலியிலும் இரு வகை உண்டு. மேற்றட்டும் பக்கத்தட்டும் கூரிய மூலையாகச் சேரும் பல் மிக விரைவாக அரியும். போட்டியாளர் விரும்புவது அதனையே. ஆனால் மண்ணோ மணலோ பட்டவுடன் அம்மூலை மழுங்கிவிடும். மூலை சற்று உருண்ட பல் வேகத்தில் ஒருபடி பின்னிற்கும். கூரோ நெடுநேரம் நிற்கும். நிலத்திற் புரண்டு சேறு படிந்த இறப்பர்க் குற்றிகளுக்கும், புறப்பகுதி கடினமாகிச் சாதாரண உருக்கு ஆயுதங்களை எளிதில் மழுக்கும் தென்னைக்கும் உருண்ட மூலையே ஏற்றது.

மழுங்கிய சங்கிலியை அறிதல் எளிது. கூரிய பல் நீண்ட செதில்களை வீசும். மழுங்கிய பல் மாவைப்போன்ற தூளை உதிர்க்கும். தூள் விழக் கண்டதும் வாளை அமுக்காமல் நிறுத்தி அரத்தை எடுத்தல் வேண்டும். 3/8 அங்குலச் சங்கிலிக்குப் பெரும்பாலும் 5.5 மில்லிமீற்றர் வட்ட அரம் பொருந்தும். அரத்தின் விட்டத்தில் ஐந்திலொரு பங்கு பல்லின் மேற்றட்டுக்கு மேலே நிற்க, உட்புறமிருந்து வெளிப்புறமாக, 30 பாகைச் சரிவில் அராவுதல் வேண்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கை. இடப்பற்கள் வலப்பற்களிலும் நீண்டுவிட்டால் வாள் நேரே இறங்காது வளைந்து செல்லும். அப்போது பழி பெரும்பாலும் தகட்டின்மேல் விழுகிறது. ஒவ்வொரு பல்லின் முன்னும் ஒரு சிறு முனைப்பு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுவே. வழமையாக அது பல்லிலும் 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கும். மேலும் விரைவு வேண்டி அதனை ஆழமாக அராவும் ஆர்வலர் சிலர் உளர். அவ்வாறு செய்த வாள் மரத்தைக் கௌவி இழுத்து, எஞ்சினை நிறுத்தி, சில வேளை பிடித்தவனை நோக்கியே துள்ளும்.

தகட்டு நுனியின் மேற்கால்வட்டம் கட்டையில் முட்டினால் வாள் கண்ணிமைப்பொழுதில் மேல்நோக்கி எறியப்படும். முகமும் கழுத்துமே அதன் வழியில் இருப்பன. 1970களில் முன்கைக் காப்புடன் இணைந்த சங்கிலித் தடை பரவலாயிற்று. அதற்கு முந்திய பழைய வாள்கள் சேகரிப்போருக்கு அழகாயிருக்கலாம். நாட்கூலிக்குத் தறிப்பவன் கையில் அவை இருத்தலாகாது. எஞ்சின் அதிர்வாற் குருதியோட்டம் குன்றி விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய், பழைய வாள்களோடு நெடுங்காலம் உழைத்தோரைப் பீடித்தது. 1960கள் தொடக்கம் கைபிடிகளுக்கும் எஞ்சினுக்குமிடையே இறப்பர்க் கட்டைகளோ சுருள்விற்களோ வைக்கப்பட்டு அதிர்வு குறைக்கப்பட்டது. தறித்த நேரத்தை மட்டும் ஒப்பிடும் ஆர்வலர் அட்டவணைகள் பலவற்றில் இவ்வதிர்வுக்கு இடமே இல்லை.

தயாரிப்பாளரின் பெயர் உண்மையிற் பொருட்படுவது இங்கேதான்: அதிர்வுத் தடுப்பின் தரம், தடையின் நம்பகம், நிறையின் சமநிலை, உதிரிப்பாகம். கடைசியாகக் கூறப்பட்டதைப் பலர் வாங்கிய பின்னரே நினைக்கின்றனர். பணம் கொடுக்குமுன், ஓட்டும் பற்சில்லு, காற்று வடிகட்டி, எஞ்சினைத் தொடக்கும் கயிறு, சங்கிலிக்கு எண்ணெய் இறைக்கும் பம்பி ஆகிய நான்கும் அருகிலுள்ள பட்டினத்துக் கடையில் இருக்கின்றனவா என விசாரித்தல் வேண்டும். இல்லையென்ற பதில் வருமாயின், அடுத்த கடையில் வேறு பெயருடைய வாளைக் கேட்கலாம்.